விளங்கிய பிறகே வேலை

உயர்தரத்தில் நான் எடுத்த மூன்று பாடங்களில் ஒன்று தொடர்பாடலும் ஊடகக் கற்கையும். கலைப்பிரிவுப் பிள்ளைகள் புள்ளி எடுப்பதற்காக எடுக்கிற லேசான பாடம் என்று அதற்கு ஒரு பெயர் இருந்தது. பத்திரிகைக்கோ வானொலிக்கோ போகிறவர்களுக்குச் சரி, ஊரோடு இருக்கப்போகிற பெண்பிள்ளைக்கு அதனால் என்ன கிடைக்கும் என்று சாச்சா கேட்டார். வாப்பா பதில் சொல்லவில்லை. எனக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை.

இன்று கலேவெலையில் ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். கலியாணக் கார்ட், கடைகளுக்குப் பெயர்ப்பலகை, பரிசுப்பெட்டி, வீட்டுத் தயாரிப்புகளுக்கு லேபல் என்று வடிவமைத்துக் கொடுப்பதுதான் தொழில். இந்தக் கடை இன்னும் திறந்திருப்பதற்கு என் கைத்திறன் பாதிக் காரணம். மறுபாதி, அந்த லேசான பாடம். சாச்சாவின் கேள்விக்குரிய பதிலை இப்போது என்னால் சொல்ல முடியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கதைக்கத் தெரிந்த ஆள் இல்லை. சிறு வயதிலிருந்தே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கீறிக்கொண்டிருந்தவள். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவேன். கடை போட்ட பிறகும் வாசலில் புது ஆள் வந்து நின்றால் நெஞ்சு படபடக்கும். தொடர்பாடல் படிப்பது வாய்ச்சாலகம் உள்ளவர்களுக்குத்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூச்சம் உள்ளவர்களுக்குத்தான் அந்தப் படிப்பு அதிகம் உதவும். கூட்டத்தில் இயல்பாகக் கலக்கத் தெரிந்தவர் உணர்வால் செய்கிற காரியத்தை, என்னைப் போன்றவர்கள் முறையாகக் கற்றுச் செய்ய அது வழி காட்டுகிறது.

திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். இந்த வரிசையை எங்கள் தமிழ் ஆசிரியை வகுப்பில் அடிக்கடி எடுத்துச் சொல்வார். முன்னால் இருப்பவர் யார் என்று முதலில் அறிந்துகொள், அச்சம் அதற்குப் பிறகு குறையும் என்பது அவருடைய விளக்கம். என் அனுபவமும் அதுதான். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நான் ஆட்களிடம் போகவில்லை. எதிரில் இருப்பவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கப் பழகினேன். கேட்கக் கேட்கப் படபடப்பு தானாகக் குறைந்தது.

கலேவெல எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால் இந்தப் படிப்பு ஏன் இங்கே கட்டாயம் தேவைப்படுகிறது என்று விளங்கும். அம்பேபுஸ்ஸையில் தொடங்கிக் குருநாகல் வழியாகத் திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதி எங்கள் ஊரை ஊடறுத்துப் போகிறது. அடுத்த பெரிய ஊர் தம்புள்ள. 1999இல் அங்கே பொருளாதார மத்திய நிலையம் திறந்த பிறகு மரக்கறி லொறிகள் இரவு பகலாக ஓடுகின்றன. சீகிரியா பார்க்கப் போகும் சுற்றுலா வாகனங்களும் இதே வீதியில்தான். சுற்றியுள்ள கிராமங்களில் சிங்களவர்கள் பெரும்பான்மை. நாங்கள், முஸ்லிம்கள், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் சிங்களமும் கதைக்கிறோம். மாத்தளைப் பக்கத்திலிருந்து தமிழ்க் குடும்பங்களும் கார்ட் அடிக்க வருகிறார்கள். காலையில் ஒருவர் “நங்கி” என்று கூப்பிடுவார், பகலில் ஒருவர் “தங்கச்சி” என்பார், பின்னேரம் வருகிற பிள்ளை “ராத்தா” என்பாள். மூவருக்கும் வேண்டியது ஒரு கார்ட். ஆனால் அந்தக் கார்ட் செய்ய வேண்டிய வேலை ஒவ்வொருவருக்கும் வேறு.

இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க எனக்குக் கற்றுத்தந்தவர் ஹரோல்ட் லாஸ்வெல். அமெரிக்க அரசியல் அறிஞர். எந்தத் தொடர்பாடலையும் ஐந்து கேள்விகளால் அளக்கலாம் என்று 1948இல் எழுதினார். யார் சொல்கிறார், என்ன சொல்கிறார், எந்த வழியால் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், அதனால் என்ன விளைகிறது. பரீட்சைக்காக நாங்கள் இதை மனப்பாடம் செய்தோம். கடை மேசையில்தான் அதன் பெறுமதி தெரிந்தது. கார்ட் அடிக்க வருகிறவர்கள் வழக்கமாக நேரே டிசைனுக்குப் போய்விடுவார்கள். போனில் ஒரு படத்தைக் காட்டி “இதே மாதிரி” என்பார்கள். நான் படத்தைப் பார்ப்பேன், பிறகு அந்த ஐந்து கேள்விகளையும் எங்கள் பேச்சுவழக்கில் கேட்பேன். அழைப்பது பெற்றோரா, மணமக்களா? கார்ட்டைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பீர்களா, வட்ஸ்அப்பில் அனுப்புவீர்களா? அது போவது கிராமத்து வயசாளிகளிடமா, கொழும்பில் வேலை செய்கிற சிநேகிதர்களிடமா? அதைப் பார்த்தவர் என்ன செய்ய வேண்டும், பகல் சாப்பாட்டுக்கு வந்தால் போதுமா, சடங்கு நேரத்துக்கே வர வேண்டுமா?

பதில்களில்தான் டிசைன் இருக்கிறது. சிங்களக் கலியாணத்தில் போருவ மேடையில் ஏறும் நெகத் நேரம் நிமிடக் கணக்கில் குறிக்கப்பட்டது. அந்த நேரத்தை அலங்கார எழுத்தில் சுருட்டி வைத்தால் கார்ட் அழகாக இருக்கும், விருந்தாளி பிந்தி வருவார். முஸ்லிம் கலியாணத்தில் நிகாஹ் ஓரிடத்திலும் சாப்பாடு இன்னோரிடத்திலும் நடக்கலாம். ஆண்கள் எங்கே, பெண்கள் எங்கே என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். மணமகளின் பெயரைக் கார்ட்டில் போடுவதா என்று யோசிக்கிற குடும்பங்களும் உண்டு. அதை நாங்களாகத் தீர்மானிக்கக் கூடாது, கேட்க வேண்டும். இந்துக் குடும்பங்களில் கொடுப்பதற்கு முன் கார்ட்டின் மூலைகளில் மஞ்சள் தடவுவார்கள். பளபளப்பான லேமினேட் போட்ட தாளில் மஞ்சள் ஒட்டாது, வழிந்துவிடும். மஞ்சள் பிடிக்கிற தாளைத் தேர்ந்தெடுப்பது தாளைப் பற்றிய அறிவு மட்டும் இல்லை, அந்த வீட்டைப் பற்றிய அறிவும்தான்.

பெயர்ப்பலகையிலும் இதே கணக்குத்தான். ஏ6 வீதியோரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரின் பலகையை, ஓடுகிற வாகனத்திலிருந்து சில நொடிகளுக்கே பார்க்கிறார்கள். பார்ப்பவர் வெளியூர்க்காரர், முதலாளியின் பெயர் அவருக்கு ஒன்றும் சொல்லாது. சோறு கிடைக்கும், வாகனம் நிறுத்த இடம் இருக்கிறது என்ற இரண்டும் தூரத்திலேயே தெரிந்தால் போதும். உள்வீதியில் தையல் கடை வைத்திருக்கிற ராத்தாவுக்கு வேறு கணக்கு. அங்கே வருகிறவர்கள் எல்லாரும் ஊர்ச்சனம், தையல் கடை என்று அவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்தப் பலகையில் அவருடைய பெயர்தான் பெரிதாக இருக்க வேண்டும், ஊர் நம்புவது அந்தப் பெயரைத்தான். மூன்று மொழிகளில் எதை மேலே வைப்பது, எதைப் பெரிதாக்குவது என்பதும் “யாருக்கு” என்ற ஒரே கேள்வியில் அடங்குகிறது. அதைக் கேட்காமல் செய்கிற டிசைன், டிசைன் செய்தவருடைய விருப்பத்தை மட்டும்தான் காட்டும்.

என் தொழிலுக்கு அதிகம் உதவிய இன்னொரு சிந்தனை, குளோட் ஷனன் என்ற பொறியியலாளருடையது. தொலைபேசி, தந்தி வழியாகப் போகும் செய்தி எப்படிக் கெடாமல் போய்ச் சேரும் என்று ஆராய்ந்து அவரும் 1948இல்தான் தன் கட்டுரையை வெளியிட்டார். அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் புகுந்து செய்தியைக் கெடுக்கும் எதையும் அவர் இரைச்சல் என்றார். எங்கள் தொழிலில் அந்த இரைச்சலைக் கண்ணாலேயே பார்க்கலாம். வட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் தமிழில் விபரம் அனுப்புவார், அது யுனிகோட். அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துரு. யுனிகோட் தெரியாத பழைய மென்பொருளில் அதை ஒட்டினால் கொம்பும் காலும் பிரிந்து எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும். திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டிவரும், தட்டச்சு செய்கிறவருக்கு அந்த மொழி தெரியாவிட்டால் பெயர் மாறும். இது ஒரு வகை இரைச்சல். குரல் செய்தியில் பின்னால் பஸ் ஹோன் கேட்பது இன்னொரு வகை. வாப்பா ஒரு நேரம், மாமா வேறு நேரம் என்று வீட்டுக்குள்ளேயே இரண்டு பேச்சு ஓடுவது மூன்றாவது வகை. மூன்றும் கடைசியில் அச்சடித்த தாளில்தான் வந்து விடியும்.

இதற்கு ஷனன் சொல்கிற மருந்து எளியது. செய்தியில் கொஞ்சம் மேலதிகத்தைச் சேர்த்து அனுப்பு, ஒரு பகுதி கெட்டாலும் மற்றப் பகுதி காட்டிக்கொடுக்கும். திகதியோடு கிழமையையும் கட்டாயம் வாங்குகிறேன். 14 என்பது 16 ஆகிவிட்டால் கிழமை பொருந்தாது, பிழை அங்கேயே பிடிபடும். மண்டபத்தின் பெயரோடு பக்கத்து அடையாளம் ஒன்றையும் கேட்கிறேன். தமிழில் எழுதிய பெயரை ஆங்கில எழுத்திலும் எழுதித் தரச் சொல்கிறேன். வாடிக்கையாளருக்கு இது வேண்டாத கேள்வி போலத் தெரியும். காரணத்தைச் சொன்னால் சந்தோஷமாகத் தருவார்கள்.

புரூஃப் காட்டுவதிலும் படித்தது உதவியது. “நல்லா இருக்கா?” என்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள், முகத்துக்கு நேரே குறை சொல்வது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள். அந்தப் பதிலை வைத்து அச்சுக்கு அனுப்ப முடியாது. ஆகவே கேள்வியை மாற்றினேன். பெயர்களைச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்வேன். பிறகு, அந்தக் கலியாணத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவரிடம், பெரும்பாலும் பக்கத்துக் கடைக்காரரிடம், புரூஃபைக் கொடுத்து, “நானா, இதப் பாத்தா நீங்க எத்தின மணிக்கு எங்க போவீங்க?” என்று கேட்பேன். அவர் சரியாகச் சொன்னால் கார்ட் சரி. தடுமாறினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது இன்னும் முடியவில்லை. பின்னூட்டம் என்று நாங்கள் வகுப்பில் எழுதிய குறிப்பின் உயிர் இதுதான். பாராட்டு பின்னூட்டம் ஆகாது. நாம் சொன்னது எப்படி விளங்கியது என்று தெரிந்துகொள்வதுதான் பின்னூட்டம்.

எங்கள் மாவட்டத்திலேயே, மாத்தளைக்கு வடக்கே அலுவிகாரை இருக்கிறது. செவி வழியாகவும் மனனமாகவும் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட பௌத்தத் திரிபிடகம் கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அங்கேதான் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது என்பது வரலாறு. பஞ்சத்தாலும் படையெடுப்பாலும் மனனம் செய்தவர்களே மடிந்துபோகும் நிலை வந்தபோது, நினைவை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று பிக்குகள் எழுத உட்கார்ந்தார்கள். ஊடக வரலாற்றுப் பாடத்தில் இதைப் படித்தபோது, இவ்வளவு பெரிய திருப்பம் எங்கள் மாவட்டத்தில் நடந்திருக்கிறதே என்று வியந்தேன். கடை நடத்தத் தொடங்கிய பிறகு அதை வேறு கண்ணோடு பார்க்கிறேன். அவ்வளவு பயிற்சி பெற்ற நினைவாற்றல் உள்ளவர்களே எழுத்தைத் துணைக்கு எடுத்திருக்கிறார்கள். வாய்ப்பேச்சில் பத்து விடயம் பேசி ஓடர் எடுக்கிற நான் எழுதாமல் எப்படி இருப்பது? என் கடையில் ஒவ்வோர் ஓடருக்கும் ஒரு பக்கம் உண்டு. என்ன தாள், எத்தனை பிரதி, எத்தனை தடவை திருத்தம், எந்தத் திகதி, எவ்வளவு அட்வான்ஸ் என்று சிங்களத்திலோ தமிழிலோ எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிடுவேன். தெரிந்த ஆட்களிடம் கையெழுத்துக் கேட்பது அவமரியாதை என்று முதலில் தயங்கினேன். எழுதி வைத்த பிறகு உறவு இன்னும் இறுக்கமானதே தவிரக் கசக்கவில்லை.

இனி, எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்ததைச் சொல்கிறேன். விலை சொல்வது. ஒரு சாமானை வாங்கி விற்கிற கடைக்காரருக்கு விலைக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. நான் விற்பதில் பாதி என் யோசனை, என் இரவு நேரம். அதற்குக் காசு கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. “ரெண்டு எழுத்து அடிக்கத்தானே” என்று யாராவது சொன்னால் தொண்டை அடைத்துவிடும். உம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் வாயால் விலை சொல்ல வைத்த நாட்கள் உண்டு.

சார்ள்ஸ் பேர்கர், ரிச்சர்ட் கலப்ரீஸ் என்ற இருவர் 1975இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். முன்பின் தெரியாத இருவர் சந்திக்கும்போது, இருவருடைய மனதிலும் முதலில் ஓடுவது மற்றவரைப் பற்றிய நிச்சயமின்மை. அதைக் குறைத்துக்கொள்ளத்தான் கேள்வி கேட்கிறார்கள், தகவல் கொடுக்கிறார்கள். இதைக் கடைக்குப் பொருத்திப் பார்த்தபோது எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பேரம் பேசுகிறவர் என் வேலையை மட்டம் தட்டவில்லை. விலைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை, தெரியாததற்குக் காசு கொடுக்கப் பயப்படுகிறார். எனக்கு அவரைப் பார்த்துப் பயம், அவருக்கு என் விலையைப் பார்த்துப் பயம். ஆகவே கொட்டேஷனைத் திறந்து வைத்தேன். தாளுக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு, ஃபொயிலுக்கு இவ்வளவு, டிசைன் வேலைக்கு இவ்வளவு, அதற்குள் இத்தனை திருத்தம் அடங்கும். டிசைனுக்குத் தனி வரி போட்டதுதான் எனக்குப் பெரிய காரியம். அந்த வரியை எழுதிய பிறகு அதை வாயால் சொல்லும் தைரியமும் வந்தது.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி வந்தபோது இந்தப் பழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. தாள் இறக்குமதி முடங்கியது. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ பத்திரிகைகள் தாள் தட்டுப்பாட்டால் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. காலையில் சொன்ன தாள் விலை பின்னேரம் செல்லாது. அந்தக் காலத்தில் கொட்டேஷனின் அடியில் இந்த விலை எதுவரை செல்லும் என்று எழுதினேன். அட்வான்ஸ் கிடைத்த அன்றே தாளை வாங்கி, வாடிக்கையாளருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். தாள் கிடைக்காவிட்டால் அதை அன்றே சொன்னேன், மாற்றுத் தாளின் துண்டையும் கையில் கொடுத்தேன். கெட்ட செய்தியையும் நேரத்துக்குச் சொன்னால் மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். சொல்லாமல் இருப்பதைத்தான் அவர்களால் பொறுக்க முடிவதில்லை.

விலையைப் பற்றி இன்னொன்று. மாத்தளை மாவட்டத்தில் பள்ளேஹப்புவிட என்ற கிராமம் அரக்கு வேலைக்குப் பேர்போனது. சூடாக்கிய நிற அரக்கை இழையாக நீட்டி, மரத்தின் மேல் வைத்துப் பெருவிரல் நகத்தாலேயே வெட்டி ஒட்டிக் கோலம் போடுவார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலிலும் இந்த நகவேலையை விபரித்திருக்கிறார். அப்படிச் செய்த ஓர் அரக்குக் கைப்பிடி கண்ணாடி அலுமாரிக்குள் வெறுமனே கிடந்தால் பார்ப்பவர் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். அதே ஆள் இழை நீட்டுவதையும் நகம் வெட்டுவதையும் நேரில் பார்த்தால் விலை கேட்கிற தொனியே மாறும். கைவேலை தன் விலையைத் தானாகச் சொல்லாது, அது எப்படி உண்டானது என்ற கதைதான் சொல்லும். பத்திக் கலையில் புகழ்பெற்ற ஏனா த சில்வா 1980களில் கொழும்பை விட்டுத் தன் பூர்வீக அலுவிகாரைக்கே திரும்பிவந்து, ஊர்ப் பெண்களைக் கொண்டு பத்திக்கும் பூத்தையலும் செய்விக்கும் மையத்தை நடத்தினார். தேடி வருகிறவர்களுக்கு அங்கே சோறும் கறிகளும் பரிமாறப்பட்டன. ஒரு துணியை வாங்க வந்தவர் அதைச் செய்த வீட்டையும் கைகளையும் ஊரையும் அறிந்துகொண்டு போனார். படைப்புத் தொழில் செய்கிற ஒவ்வொருவருக்கும் அதில் பாடம் இருக்கிறது. நானும் இப்போது பரிசுப்பெட்டி மடிப்பதை உள்ளறையில் வைக்காமல் கடை முன்மேசையில் வைத்தே செய்கிறேன்.

வாடிக்கையாளர் எங்கிருந்து வருகிறார்கள் என்பதிலும் பாடப்புத்தகம் வழி காட்டியது. 1940இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தின் ஈரி என்ற பகுதியில் பவுல் லாசர்ஸ்பெல்டும் கூட்டாளிகளும் ஆய்வு செய்தார்கள். வானொலியும் பத்திரிகையும் நேரடியாக ஆட்களை மாற்றியதை விட, தமக்குத் தெரிந்த, தாம் மதிக்கிற ஒருவரின் பேச்சே அதிகம் மாற்றியது என்று கண்டார்கள். பின்னர் அவர் எலிஹு காற்ஸோடு சேர்ந்து 1955இல் வெளியிட்ட நூல், டிகேற்றர் என்ற ஊரின் பெண்கள் சாமான் வாங்குவதிலும் உடையிலும் யாருடைய பேச்சைக் கேட்கிறார்கள் என்று பார்த்தது. அதை வாசித்தால் கலேவெலைச் சந்தையைப் பற்றி எழுதியது போல இருக்கிறது. பேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் போட்டால் விருப்பக்குறி வரும், ஓடர் வருவது அரிது. இங்கே கலியாண வீட்டார் முதலில் போவது மண்டபக்காரரிடம், புகைப்படக்காரரிடம், மணப்பெண் அலங்காரம் செய்கிறவரிடம், சாறிக்குச் சட்டை தைக்கிற ராத்தாவிடம். “கார்ட் யாருக்குட்ட அடிக்கிற?” என்று அவர்களிடம்தான் கேட்பார்கள். விளம்பரத்துக்கு வைத்திருந்த காசில் இந்த நால்வகை ஆட்களுக்கும் மாதிரிக் கார்ட் தொகுதி ஒன்று செய்து கொடுத்தேன். கொமிஷன் பேசவில்லை. எந்தக் கார்ட் எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்று விளக்கினேன். அவர்களுடைய கடைகளுக்கு என்ன தேவை என்றும் கேட்டறிந்தேன். அதிலிருந்து வந்த ஓடர்கள்தான் இன்றுவரை கடைக்கு அடித்தளம்.

கேட்டறிவது என்றதும் எனக்கு மகாவலி சமூக வானொலி நினைவுக்கு வரும். 1981இல் தொடங்கியது. மகாவலிக் குடியேற்றக் கிராமங்களுக்கு அதன் குழுவினர் போய், அங்கேயே நாட்கணக்கில் தங்கி, விவசாயிகளோடு பழகி, அவர்களுடைய குரலைப் பதிவுசெய்து நிகழ்ச்சி தயாரித்தார்கள். கொழும்பில் உட்கார்ந்து எழுதிய உரையை வாசித்துவிட்டு வரவில்லை. முதலில் கேட்டார்கள், பிறகு சொன்னார்கள். தேனும் மசாலாத் தூளும் வீட்டில் செய்து விற்கிற பெண்கள் லேபல் கேட்டு வரும்போது நானும் இயன்றவரை அவர்கள் அடுப்படிக்கே போய்ப் பார்க்கிறேன். கை ஈரத்தோடு ஒட்ட வேண்டிய லேபல் எது, எண்ணெய் பட்டாலும் எழுத்து அழியாமல் இருக்க வேண்டிய இடம் எது என்று மேசையில் இருந்தபடி தெரிந்துகொள்ள ஏலாது. போத்தலை விற்பது பெட்டிக்கடையிலா தம்புள்ளச் சுற்றுலாக் கடையிலா என்பதையும் அங்கேதான் விபரமாகப் பேசிக்கொள்ள முடிகிறது.

இந்தப் படிப்பில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆட்கள் எதைப் பார்த்து மயங்குவார்கள், எந்தச் சொல்லுக்குக் கை நீட்டுவார்கள் என்று அறிந்தவருக்குத் தேவைக்கு மேல் விற்கவும் ஏலும். கடன் வாங்கி மகளுக்குக் கலியாணம் செய்கிற தகப்பன்மார் என் மேசைக்கு வருகிறார்கள். பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்குத் தங்க ஃபொயில் போட்டார்கள் என்பதற்காகத் தாமும் போட வேண்டும் என்று நிற்பார்கள். ஒரு வார்த்தை தூண்டினால் போதும், ஓடர் பெரிதாகும். அந்த ஆசை எனக்கும் வந்திருக்கிறது, வாடகை கட்ட வேண்டிய மாதங்களில் பலமாகவே வந்திருக்கிறது. ஆனால் அவரிடமும் அதே ஐந்து கேள்விகளைத்தான் கேட்கிறேன். யாருக்குக் கையில் கொடுக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் முதலில் சொன்ன தொகையில் பாதி போதும் என்று அவருக்கே தெரியும். மற்றவர்களுக்கு வட்ஸ்அப்பில் படம் போகலாம், 2020 ஊரடங்கு காலத்திலிருந்து யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. ஓடர் சிறுத்துப் போகும். அவருக்கு விளங்கிய விலையில், அவருக்குத் தேவையான கார்ட்டோடு அவர் போவார். விளங்கவைப்பதற்கும் மயக்குவதற்கும் நடுவில் உள்ள கோட்டை அறிந்து அதன் இந்தப் பக்கம் நிற்பதும் இந்தப் படிப்புக்குள் அடங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்கிற பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் செய்தியாளர்களை உருவாக்க மட்டும் இருக்கிற பாடம் இல்லை. நாளைக்குத் தையல் கடை போடப்போகிறவருக்கும், கேக் அலங்கரிக்கப்போகிறவருக்கும், புகைப்படம் எடுக்கப்போகிறவருக்கும், பத்திக் அடிக்கப்போகிறவருக்கும் அது அன்றாடம் உதவும். பள்ளிக்கூட வயதைத் தாண்டியவர்கள் கவலைப்பட வேண்டாம். அந்தப் பாடத்துக்கான ஆசிரியர் வழிகாட்டிகளைத் தேசிய கல்வி நிறுவகம் தமிழிலேயே வெளியிட்டிருக்கிறது. படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அதனிடம் வாங்கி வாசிக்கலாம். வாசித்ததை அடுத்த நாளே ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் செய்து பார்க்க வேண்டும். பரீட்சைக்கு எழுதினால் புள்ளி வரும், கடையில் செய்து பார்த்தால்தான் பலன் வரும்.

தொடங்க நினைப்பவர் இந்த மூன்றோடு தொடங்கட்டும். ஓடர் எடுக்கும் முன், இது யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டதை எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததைப் புதிய ஒருவரிடம் காட்டி, அவருக்கு என்ன விளங்கியது என்று கேளுங்கள். இவற்றுக்கு முதலீடு வேண்டாம், பேச்சுத்திறன்கூட வேண்டாம். கூச்சத்தோடு உள்ளறைக்கு ஓடிக்கொண்டிருந்த என்னால் முடிந்தது. கைத்திறன் உள்ளவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தத் திறனுக்கு உரிய விலையும் மரியாதையும் கிடைக்க, அடுத்தவரை விளங்கிக்கொள்ளவும் தன்னை விளங்கவைக்கவும் அவர்கள் முறையாகக் கற்க வேண்டும். அதைக் கற்கலாம், எந்த வயதிலும் கற்கலாம்.